கொம்பும் காமிராவும்

மான் என்றதும் மற்றவர்களுக்குச் சீதை கேட்ட பொன்மான் நினைவுக்கு வரக்கூடும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு தும்மல். அந்தத் தும்மலின் வரலாற்றை எழுதத்தான் இந்த வாரம் பேனாவைத் திறந்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவை இங்கிலாந்து வரையில் போய்வர வேண்டியிருக்கிறது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தமக்கையின் மகன் இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறான். மாசி மாதத்தில் இரண்டு வார விடுமுறையில் திண்டிவனத்துக்கு வந்திருந்தான். ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் எங்களை உட்கார வைத்துத் தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். பனி படர்ந்த புல்வெளி, இலையுதிர்ந்த மரங்கள், அவற்றின் நடுவே சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் சின்னஞ்சிறு மான்கள். 'ரோ' மான் என்று அதற்குப் பெயராம். தோள் வரையில் உயரம் இரண்டடிக்குச் சற்று மேலே. எடை இருபத்தைந்து கிலோவுக்கு இப்படி அப்படி. நம் ஊர்ப் புள்ளிமான் கலைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தம்பி மாதிரி இருக்கும். வால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகவே இருக்கிறது. ஆபத்தைக் கண்டால் நாயைப் போலக் குரைக்குமென்று அவன் சொன்னதை என் மனைவி கடைசி வரையில் நம்பவில்லை.

படங்களில் ஒரு கலைக்கு இடது கொம்பு காதோரமாக வளைந்திருந்தது. "இந்தக் கோணல் கொம்பன் என் சிநேகிதன், அத்தை. மூன்று வருஷமாக அதே ஓடைக்கரையில்தான் இருக்கிறான்" என்றான்.

"பாவம், நன்றாக இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

"ஏப்ரல் முதல் தேதி வரையில் நன்றாக இருப்பான். அன்றைக்குத்தான் சுடுகிற பருவம் ஆரம்பம்."

அவள் கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டாள். "படம் எடுத்த மானையா சுடுவார்கள்?"

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் 'ரோ' கலையைச் சுடுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் காலம் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரையில். பிணைகளுக்கு வேறு காலம். கலைகள் முன்பனிக் காலத்தில் கொம்பை உதிர்த்துவிட்டுக் குளிர்காலம் முழுவதும் புதுக் கொம்பு வளர்க்கின்றன. வளரும் கொம்பின்மேல் மெத்தென்ற ரோமத்துடன் ஒரு தோல் போர்த்தியிருக்கும். கொம்பு முற்றியதும் மரங்களில் உரசி அந்தத் தோலைக் கிழித்தெறிகின்றன. வயதானவை முதலில் உரசி முடித்துவிடும், இளசுகளுக்கு நாளாகும். ஆகவே மார்ச்சு மாதத்தில் காட்டோரம் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எது கிழம், எது குமரன், எது எந்த இடத்தைத் தன் எல்லையாக வைத்திருக்கிறது என்பதெல்லாம் துலங்கிவிடும். புதரும் புல்லும் தழைத்துவிட்டால் பிறகு ஒன்றும் தெரியாது. எங்கள் பையனைத் தம் காட்டுக்குள் விடும் நிலக்காரர், அதற்குப் பதிலாக ஒரு காரியம் மட்டும் கேட்கிறாராம்: எந்தக் கலையை எங்கே கண்டான் என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும். மற்றதைத் துப்பாக்கிக்காரர் பார்த்துக் கொள்வார்.

உடனே அந்த நாட்டாரைக் கொடியவர்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். அங்கே ஓநாயும் காட்டுப்பூனை இனத்தைச் சேர்ந்த லிங்ஸும் எப்போதோ அற்றுப் போயின. 'ரோ' மான்கூட ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இல்லாமற் போய், 1800-ல் டார்செட்டிலும், 1884-ல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து தெட்போர்டுப் பக்கத்திலும் மறுபடியும் விடப்பட்டதுதான். தின்ன ஆளில்லாத மான் பெருகிற்று. பெருகிய மான் இளங்கன்றுகளின் குருத்தையெல்லாம் கடித்துக் காடு முளைக்கவொட்டாமல் செய்கிறது. யாராவது புலியின் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். வாதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டே புள்ளியும் வைத்துக் கொடுப்பது என்றால், அந்தப் பையனுடைய முகத்தைப் பார்த்தபோது அவனுக்கும் அது அவ்வளவு சரியாக இருந்ததாகத் தோன்றவில்லை.

நம் நாட்டில் இந்தத் தர்மசங்கடம் இல்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் அதற்குச் செய்த திருத்தமும் மான் வேட்டைக்கு லைசென்ஸ் என்ற பேச்சையே ஒழித்துவிட்டன. இங்கே மானுக்குப் பருவமில்லை. காமிராவுக்கு மட்டுமே பன்னிரண்டு மாதமும் பருவம். "நம் ஊர் மானை எனக்குக் காட்டுங்கள் மாமா" என்று பையன் கேட்டபோது, ஏதோ என் சொந்தத் தோட்டத்தில் வளர்ப்பதைப் போல "அதற்கென்ன!" என்று சொல்லிவிட்டேன்.

திண்டிவனத்திலிருந்து மேற்கே சுமார் 28 கிலோமீட்டர் போனால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் சேர்த்துக் கட்டிய கோட்டை, 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்ற பிறகு அங்கே ஜனக்கூட்டம் அதிகம். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் சுற்றிலுமுள்ள பாறைக் குன்றுகளையும் முள்காட்டையும் பார்ப்பதில்லை. புள்ளிமான்கள் இருப்பது அங்கேதான். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. விழுப்புரத்திலிருக்கும் என் பழைய சிநேகிதர் ஒருவருக்குக் காட்டோரமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கேணியும் மோட்டார்க் கொட்டகையும் உண்டு. கோடை நெருங்கிக் காட்டுக்குள் குட்டைகள் வற்றியதும், வாய்க்காலில் தேங்கும் நீருக்காக மான்கள் விடியலில் இறங்கி வருகின்றன என்று அவர் சொன்னார். எந்தக் கிராமம் என்று நான் எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

நிலத்துக்குக் காவல் ஒரு பெரியவர். எண்பதை எட்டிக் கொண்டிருப்பவர். 1960-களில் பட்டணத்துக் கனவான்கள் ஜீப்பில் வந்து இறங்கியபோது அவர்களுக்கு வழிகாட்டியாகப் போனவராம். "அப்போ காட்டினது சுட, இப்போ காட்டறது படம் புடிக்க. மானுக்குத் தெரியுமா ஐயா வித்தியாசம்? அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வேட்டைக்காரனுக்குள்ள வித்தையெல்லாம் படக்காரனுக்கும் வேண்டும் என்பதை அந்த மூன்று காலைகளில் நான் தெரிந்து கொண்டேன். எப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி துப்பாக்கியை ஒதுக்கிவிட்டுக் காமிராவுடன் புலிக்காட்டில் அலைந்து 1927-ல் புத்தகமே வெளியிட்டார். நம்மவரான மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டு விலங்குப் படங்களை இன்றைக்கும் மிஞ்சுவாரில்லை. தமிழிலும் விலங்கையும் பறவையையும் பற்றி எழுதிய மனிதர் அவர். அந்தப் படங்களைப் புரட்டும்போது ஏதோ மான் வந்து நின்றது, அவர் அமுக்கினார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கொட்டகையின் பின்னால் உட்கார்ந்தோம். பெரியவர் ஒரு பிடி புழுதியை எடுத்து மெதுவாக உதிர்த்துக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். காட்டிலிருந்து எங்களை நோக்கி வந்தது, திருப்தி. கிழக்கு வெளுத்தது. கௌதாரி கத்திற்று. முள்காட்டின் விளிம்பில் ஏதோ அசைவது போலிருந்தது. அந்தச் சமயம் பார்த்து, நாற்பது வருஷமாக நான் போட்டு வரும் மூக்குப்பொடி தன் சக்தியைக் காட்டிவிட்டது. அவ்வளவு பெரிய தும்மல் என் ஆயுளில் வந்ததில்லை. "போயிடுச்சு" என்றார் பெரியவர். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இரண்டாம் நாள் பழி பையனைச் சேர்ந்தது. பளிச்சென்ற நீலச் சட்டையுடன் வந்தான். மான்களுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத்தான் தெரியும்; நீலம் நன்றாகத் தெரியும் என்று அவனே எனக்கு முதல்நாள் இரவு விளக்கியிருந்தான். படித்தவர்கள் இப்படித்தான். ஒரு பிணை தலையை நீட்டியது, எங்களைப் பார்த்தது, முன்னங்காலால் தரையை உதைத்தது, ஊசி குத்தினாற் போன்ற ஒரு கீச்சுக்குரல் கொடுத்தது. பிறகு காடுதான் இருந்தது.

மூன்றாம் நாள் இருவரும் காவிமண் நிறத் துண்டைப் போர்த்துக் கொண்டு, பொடி டப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். முதலில் ஒரு கிழப்பிணை. அதன்பின் நான்கைந்து பிணைகள், இரண்டு குட்டிகள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கலை வந்தது. பக்கத்துக்கு மூன்று கிளைகளாகப் பிரிந்த கொம்பு; உடம்பெல்லாம் புள்ளி; புள்ளிமானுக்கு வயதானாலும் அது மறைவதில்லை. சங்கப் புலவர்கள் ஆணுக்குக் கலையென்றும் பெண்ணுக்குப் பிணையென்றும் தனித்தனியே பெயர் வைத்திருந்த பிராணி, இத்தனை காலமும் திண்டிவனத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது, நான் பார்த்ததில்லை. 'ரோ' கலையைப் போல இதற்கு இன்ன மாதத்தில்தான் கொம்பு என்ற கட்டாயமில்லை. ஒரே மந்தையில் ஒன்று முற்றிய கொம்புடனும் இன்னொன்று மொட்டைத் தலையுடனும் நிற்கக்கூடும்.

அந்தக் கலை ஒரு வேலமரத்தடிக்குப் போய்ப் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. தழையைத் தின்னப் போகிறது என்று நினைத்தேன். இல்லை, முகத்தைக் கிளையில் தேய்த்தது. கண்ணோரத்துச் சுரப்பியின் மணத்தை அங்கே பூசி, 'இது நான்' என்று மற்ற கலைகளுக்கு எழுதி வைக்கிறது என்று பையன் பிற்பாடு சொன்னான். இளவெயில் அதன் விலாவில் பட்டிருந்தது. காமிரா சத்தமில்லாமல் வேலை செய்து கொண்டிருந்தது.

அப்போது ஊர்ப் பக்கத்திலிருந்து மூன்று நாய்கள் வந்தன.

மந்தை சிதறிற்று. கலையும் மற்றவையும் காட்டுக்குள் பாய்ந்துவிட்டன. சினையாயிருந்த பிணை ஒன்று மட்டும் வழி தவறி எங்கள் பக்கமாக ஓடி வந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே கேணி. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய தரைக்கேணி. அறுபது அடி ஆழம். "கிணற்றில் விழுந்த மான் மீட்பு" என்று பத்திரிகையில் நாலு வரிச் செய்தியாக நாம் படித்துவிட்டுத் திருப்பும் பக்கம் இப்படித்தான் உண்டாகிறது. மீட்பு என்று வராத செய்திகளும் உண்டு. நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. பையனின் காமிரா அந்தப் பிணையின் முகத்துக்கு நேரே இருந்தது. இத்தனை பாடுபட்ட படம் கெட்டுவிடுமே என்று ஒரு கணம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பெரியவர்தான் எழுந்தார். பக்கத்திலிருந்த தகரத்தைக் கட்டையால் அடித்துக்கொண்டு கூச்சலிட்டார். பிணை கேணிக்குப் பத்தடி இப்பால் திரும்பிக் கல்மேட்டின்மீது தாவி மறைந்தது. நாய்களை அவர் கல்லெறிந்து விரட்டினார்.

கடைசிப் படத்தில் பழுப்பாக ஒரு தீற்றல் மட்டும் இருந்தது. வேலமரத்துக் கலையின் படமோ அற்புதமாக வந்திருந்தது. பையன் அதை அங்கேயே உட்கார்ந்து தன் இணையப் பக்கத்தில் போட ஆயத்தமானான். "ஊர்ப் பெயர் என்ன தாத்தா?" என்று கேட்டான்.

"ஊர் பேரு போடாதே தம்பி" என்றார் பெரியவர்.

போன வருஷம் யாரோ இளைஞர்கள் மான் தண்ணீர் குடிப்பதைப் படம் பிடித்து, ஊர்ப் பெயருடன் வெளியிட்டார்களாம். பத்து நாளைக்குள் வாய்க்கால் ஓரத்துப் புதரில் சுருக்குக் கம்பி. மூன்றைப் பெரியவர் அறுத்தெறிந்தார். நாலாவதை அவர் பார்ப்பதற்குள் அது தன் வேலையை முடித்துவிட்டது. "அவங்க கெட்ட பசங்க இல்லே. நம்ம ஊர்லே மான் இருக்குதுன்னு பெருமைக்குப் போட்டாங்க" என்றார்.

பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு காமிராவையும் கைப்பேசியையும் எடுத்து ஏதோ செய்தான். இந்தக் காலத்துக் கருவிகள், நாம் சொல்லாவிட்டாலும், எடுத்த இடத்தைப் படத்துக்குள்ளேயே குறித்து வைத்துவிடக் கூடியவையாம். அந்தக் குறிப்பை ஒவ்வொரு படத்திலிருந்தும் அழித்தான். திண்டிவனம் திரும்பும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தான்.

கேணியைச் சுற்றி இப்போதைக்கு முள்வேலி போட்டாகிவிட்டது. சுவர் எழுப்ப விழுப்புரத்துச் சிநேகிதரிடம் பேசியிருக்கிறேன். செங்கல் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார், ஆனால் மாட்டேனென்று சொல்லவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பையனிடமிருந்து கடிதம் வந்தது. வரைபடத்தை நிலக்காரரிடம் கொடுத்துவிட்டானாம். ஏழு கலைகளுக்குப் புள்ளி வைத்திருந்தானாம். என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மாசி மாதம் கூடத்தில் அவன் காட்டியவை எட்டு என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கடிதத்துடன் ஒரு புதுப் படமும் இருந்தது: ஓடைக்கரை, பசும்புல், இடது கொம்பு காதோரமாக வளைந்த ஒரு கலை. அடியில் தேதி மட்டும் எழுதியிருந்தான்.