காடு கற்பித்த கல்வி

எழுதப் படிக்கத் தெரிந்தவரையே கற்றவர் என்று கூறுதல் உலக வழக்கு. அவ்வழக்கு முற்றும் பொருந்துவதன்று என்பதற்குத் தென்னமெரிக்காவின் அமேசான் மழைக்காட்டில் வாழும் ஹுய்டோட்டோ இனப் பெண்டிர் சான்றாவர்.

2023ஆம் ஆண்டு மே முதல் நாள், கொலம்பிய நாட்டுக் காட்டில் சிறு விமானம் ஒன்று வீழ்ந்தது. அதிற் சென்ற பெரியோர் மூவரும் மாண்டனர். அவ்வினத்துச் சிறார் நால்வர் உயிர் பிழைத்தனர். மூத்தவள் 13 வயதுச் சிறுமி. கடைக்குட்டியோ ஓராண்டும் நிரம்பாத குழவி. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவையும், பின்னர்க் காட்டிற் கிடைத்த கனிகளையும் விதைகளையும் ஊட்டி, 40 நாள் அச்சிறுமி இளையோர் மூவரையும் காத்தாள். உலகம் அதனை அற்புதம் என்று வியந்தது. அற்புதம் அன்று அது. பாட்டியிடம் அவள் பயின்ற பாடத்தின் பயன்.

அம்மக்கள் பயிரிடும் கசப்பு மரவள்ளி நஞ்சுடையது. பெண்டிர் அதனைத் துருவிச் சாற்றைப் பிழிந்து நீக்கி, அடுப்பிலிட்டு வறுத்து உணவாக்குவர். முறை தவறின் உயிருக்கே ஊறு நேரும். ஏட்டில் ஏறாத இக்கலை தாயிடமிருந்து மகளுக்கு வழிவழியாக வந்தது.

இவ்வறிவு எளிதிற் காக்கப்பட்டதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் இரப்பர்ப் பால் எடுப்பதற்காக இம்மக்கள் அடிமைகளாக்கப்பட்டனர். பெண்டிரும் சிறுவருங்கூடத் தொழுவில் மாட்டப்பட்டுக் கசையடி பட்டனர். ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ராஜர் கேஸ்மென்ட் 1910இல் நேரிற் சென்று கண்டு எழுதிய அறிக்கை 1912இல் இலண்டனில் வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. கொலம்பியக் குடியரசுத் தலைவர் அம்மக்களிடம் மன்னிப்புக் கோரியது 2012இல்தான். அத்துயரில் எஞ்சிய குடும்பங்களுக்குத் தோட்டமும் உணவும் தாய்மொழியும் மீண்டும் கிடைத்ததிற் பெண்டிரின் பங்கு பெரிது.

அம்மக்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் வேண்டா என்பார் இலர். ஆயினும், புதியது கற்பிக்கச் செல்வோர் பழையதை அறியாமை என்று இகழ்தல் தகாது. லா சொரேரா என்னும் ஊரில், கொடுமைகள் நிகழ்ந்த இரப்பர் நிறுவனத்தின் மாளிகையே பின்னாளிற் பள்ளிக்கூடமாயிற்று. அத்தகைய பள்ளிகளில் ஏட்டறிவோடு பாட்டியரின் காட்டறிவும் இடம்பெறல் வேண்டும். அப்பாடத்துக்குக் காடே ஏடு. ஏட்டை எரித்துவிட்டுப் பாடத்தைத் தேடுவார் உண்டோ?