சொல்லிசையும் தமிழ்தானே!

மாலையில் புக்கிட் பாத்தோக் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கும் மாணவர்கள் பலரின் காதுகளில் ஏதாவது ஒரு பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும். அது தமிழ்ச் சொல்லிசையாக இருந்துவிட்டால் வீட்டில் தாத்தா பாட்டி முகம் சுளிப்பார்கள். "இது பாட்டா, சண்டையா?" என்று கேட்பார்கள். சொல்லிசை தமிழைக் கெடுக்கிறது என்று சொல்வோரும் உண்டு. அது சரிதானா?

2006ஆம் ஆண்டில் மலேசியாவிலிருந்து வெளிவந்த 'வல்லவன்' இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவர் பாடிய தொகுப்பு அது. அதில் பெரும்புகழ் பெற்ற 'மடை திறந்து' முற்றிலும் புதிய பாடல் அன்று. 1980இல் வந்த 'நிழல்கள்' திரைப்படத்திற்காக வாலி எழுத, இளையராஜா இசையமைக்க, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடல் அதன் வேர். படத்தில் அது, இசையமைப்பாளராகத் துடிக்கும் ஓர் இளைஞனின் கனவு. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, இந்த மூவரும் அதே மெட்டின்மேல் தங்கள் திறமையையும் விடாமுயற்சியையும் பற்றிப் பேசுகிறார்கள். பழைய பாடல் தெரிந்தவருக்கு, கனவு கண்டவனின் கதை தொடர்வதுபோல் இருக்கும்.

சொல்லிசையில் சொற்களே தாளம். எதுகையும் மோனையும் இங்கே வெறும் அழகுக்காக வருவதில்லை. அவைதாம் பாட்டை நகர்த்துகின்றன. 'க', 'ட', 'த', 'ப' போன்ற வல்லின ஒலிகள் மத்தளம்போல் விழுகின்றன. குறிலை நெடிலாக இழுத்தால் தாளம் தவறிவிடும். வகுப்பில் 'ல', 'ள', 'ழ' வேறுபாட்டில் தடுமாறும் மாணவர், பிடித்த பாடலை வேகமாகப் பாடிப் பழகும்போது நா தானாகவே வளைந்துகொடுக்கும்.

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்ச் சொல்லிசைப் பாடல்கள் பலவற்றில் ஆங்கிலம் தேவைக்கு மேல் புகுந்துவிடுகிறது. தற்பெருமையும் சற்று அதிகம்தான். 1970களில் நியூயார்க்கில் பிறந்த இந்த இசைவடிவத்துடன் கூடவே வந்த வழக்கம் அது. ஆனாலும் தமிழில் பேசவே கூச்சப்படும் பிள்ளை, யாரும் கட்டாயப்படுத்தாமல் தமிழ் வரிகளை மனப்பாடம் செய்கிறது என்றால், அதைத் தடுப்பதில் என்ன பயன்?

தாத்தா அடுத்த முறை முகம் சுளிக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பாடலை ஒலிக்கவிடலாம். மெட்டு அவருக்குத் தெரிந்ததுதான்.