லுங்கி ராஜா

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி நடந்தது. தாம்பரத்துப் பெற்றோர்களுக்கு இதைக் காட்டிலும் பெரிய சோதனை கிடையாது. வாடகைக் கடையில் ஜிகினா அங்கியும் அட்டைக் கிரீடமும் கிடைக்கும்; முன்பணம் தனி. அன்று மேடையேறிய ஏழு ராஜாக்களில் ஆறு பேர் ஒரே கடையின் பிரஜைகள் என்பது பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிற்று.

ஏழாவது ராஜா அனகாபுத்தூர்ப் பையன். இடுப்பிலும் தோளிலும் சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட பழைய துணி. "லுங்கி ராஜா!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கிளம்பிற்று. சபை கொல்லென்று சிரித்தது. நடுவர் நாற்காலியிலிருந்த நானும் சிரித்தேன். பையன் தன் வசனத்தை மறந்து, "இது எங்க தாத்தா நெய்தது, ஸார்" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டான்.

சிரித்ததற்குப் பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன்.

பல்லாவரத்துக்கு அருகிலுள்ள அனகாபுத்தூர் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. அதற்கு வெகு காலம் முன்பே அவ்வூர்த் தறிகள் கடல் கடந்து பெயர் வாங்கிவிட்டன. அங்கே நெய்த கட்டத் துணிக்கு வியாபாரிகள் இட்ட பெயர் 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை'. பெயரைக் கேட்டு யாரும் மூக்கைத் துடைக்கப் போக வேண்டாம். அது மேனியில் உடுத்தும் துணி. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, முக்கியமாக நைஜீரியாவுக்கு, மூட்டை மூட்டையாகப் போயிற்று.

அந்நாட்டில் நைஜர் நதியின் கழிமுகத்தில் கலபாரி என்னும் மக்கள் வசிக்கிறார்கள். மெட்ராஸ் கட்டத் துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்பார்கள். குழந்தை பிறந்தாலும் இஞ்சிரி. பெரியவர் மறைந்தால் அவரைக் கிடத்தும் அறையை அலங்கரிக்கவும் இஞ்சிரி. தலைவர்கள் விசேஷ நாட்களில் அணியும் நீண்ட அங்கியையும் அதிலே தைப்பதுண்டு. அப்பெண்களின் கைவேலை இன்னும் விநோதமானது. துணியில் சில இழைகளை மட்டும் கத்தியால் நறுக்கி உருவி எடுத்துவிடுவார்கள். எஞ்சிய இழைகளில் புதியதொரு சித்திரம் தோன்றும். 'பெலெட்டே பிட்டே' என்று அதற்குப் பெயர். இங்கே ஓர் இழை அறுந்தால் நெசவாளி பதறுவார். அவர்களுக்கோ அறுத்தெடுத்த பிறகுதான் அத்துணி சொந்தத் துணியாகிறது!

1960-களில் அமெரிக்க வாலிபர்களுக்கும் மெட்ராஸ் கட்டத்தின்மேல் மோகம் பிறந்தது. துவைத்தால் சாயம் போகும். நாமாயிருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். அங்கே சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள்.

இத்தனை மரியாதை பெற்ற கட்டம் நம் தெருவில் இடுப்பிலிருந்தால், ஹோட்டல் வாசற்காவலர் ஏற இறங்கப் பார்க்கிறார்.

நைஜீரிய வியாபாரம் நாளடைவில் மங்கிற்று. தறிகளும் குறைந்தன. எஞ்சிய நெசவாளிகள் வாழைநார், கற்றாழை நார், மூங்கில் நார் என்று நூலுடன் கலந்து நெய்யத் தொடங்கினார்கள். 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு ஒரு புடைவையே நெய்தார்கள். வாழைநாரில் பூத்தொடுக்கத்தான் நான் கண்டவன். இப்போது அதை உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனின் துணியை மேசைமீது விரித்துவைத்துக் கலபாரித் தலைவர்களின் கதையைச் சொன்னேன். பின்வரிசைக் குரலுக்கு உரியவனே முதலில் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தான். பிறகு ஒவ்வொருவராகத் தோளில் போட்டுப் பார்த்தார்கள். துணியைத் திரும்ப மடிக்கும்போது பையன் கேட்டான்: "அப்போ தாத்தா ஏன் ஸார் தறியை வித்துட்டாரு?"

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய்ப் பெரியவரையே விசாரிக்கலாமென்று இருக்கிறேன்.