பழி மனனத்திற்கு, பிழை முறைக்கு

"மனப்பாடம் சிந்தனையைக் கொல்லும்" என்னும் கூற்று கல்வி மேடைகளில் ஓங்கி ஒலிக்கிறது. மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குரிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி ஆகியவற்றின் அரையாண்டுத் தேர்வுகள் 2023ஆம் ஆண்டுக்குள் கைவிடப்பட்டன. இளம் உள்ளங்களின் சுமை குறைந்ததை வரவேற்பதில் தவறில்லை. ஆயின், தேர்வோடு மனனமும் ஒழியட்டும் என்பார் எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துகின்றனர். கற்றதை நினைவில் நிறுத்துவது தேர்வுக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமா? மூளை கற்கும் முறையை அறிந்தோர் அவ்வாறு கூறார்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. கற்றல் என்பது அவற்றின் இணைப்புகளில் நிகழும் மாற்றமே. அமெரிக்க அறிஞர் எரிக் காண்டல் கடல்முயல் என்னும் எளிய உயிரியை ஆராய்ந்து இதனை விளக்கினார். 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றார். சிறிது நேரமே நிற்கும் நினைவுக்கு, முன்னரே உள்ள இணைப்புகள் வலுப்பெற்றால் போதும். நெடுநாள் நிற்கும் நினைவுக்கோ நரம்பணுவில் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். புதிய இணைப்புகள் முளைக்க வேண்டும். ஆகவே நினைவைப் பெட்டியில் இட்டு மூடிய பொருளாகக் கருதுவது பொருந்தாது. அது வளரும் பயிர் போன்றது. ஒரு திங்களுக்குரிய நீரை ஒரே நாளில் இறைத்தால் பயிர் தழைக்குமா?

"செய்து கற்றால் போதும், நினைவில் வைப்பது எதற்கு?" எனச் சிலர் வினவுவர். அமெரிக்கரான ஹென்றி மொலைசனின் வாழ்க்கை இதற்கு விடை கூறும். வலிப்பு நோயைத் தணிக்க 1953இல் செய்த அறுவையில், ஹிப்போகாம்பஸ் எனப்படும் மூளைப் பகுதியின் பெரும்பங்கு இருபுறத்தும் நீக்கப்பட்டது. அதன்பின் அன்றாட நிகழ்ச்சிகள் அவர் நினைவில் நிலைக்கவில்லை. உளவியலறிஞர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்தே விண்மீன் வடிவத்தை வரையும் பயிற்சியை அவருக்கு அளித்தார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது. முன்பு அதைப் பயின்ற நினைவோ அவரிடம் இல்லை. கைத்திறனும் செய்தி நினைவும் மூளையில் வெவ்வேறு வழிகளில் அமைகின்றன. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. வகுப்பறைக்கு நடிப்பும் விளையாட்டும் வேண்டும். ஆனால் அவை முடிந்தபின், அவற்றில் வந்த சொற்களை மாணவர் நினைவுகூரும்படி செய்யாத ஆசிரியர் பாதிப் பணியையே முடித்தவராவார்.

"எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது" என்பது மற்றொரு வாதம். 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் சதுரங்க வல்லுநரை ஆராய்ந்தனர். மெய்யான ஆட்டத்தின் காய்நிலையைச் சில நொடி பார்த்த வல்லுநர், அதனைப் பெரும்பாலும் பிழையின்றித் திரும்ப அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோதோ தொடக்கநிலையாளரைப் போலவே தடுமாறினார். அவரது வலிமை, முன்பு கண்டு மனத்துள் பதித்த எண்ணற்ற அமைப்புகளில் இருந்தது. சொல்வளம் இல்லாதவன் கட்டுரை வரைவதும் இத்தகையதே. மனத்தில் இல்லாத மரபுத்தொடரை, அது தேவைப்படும் இடத்தில் எவ்வாறு தேடுவான்? அத்தொடர் உண்டு என்பதையே அறியாதவனுக்கு அகராதியால் பயன் யாது?

அவ்வாறாயின், மனப்பாடம் கெட்ட பெயர் பெற்றது ஏன்? பிழை முறையில் உள்ளது. பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் உருப்போடுவது முதற்பிழை. சொல்லின் எழுத்துருவை மட்டும் நோக்கியோரைவிட, அதன் பொருளைச் சிந்தித்தோர் மிகுதியாக நினைவில் கொண்டனர் என்பதை 1975இல் கிரெய்க், டல்விங் ஆகியோர் காட்டினர். பொருளுணர்வு மனனத்தின் பகை என்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

தேர்வுக்கு முந்திய இரவில் மொத்தமாகப் படிப்பது இரண்டாம் பிழை. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பகிர்ந்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். இதனை அறிந்தும் ஆசிரியர் கடைசி வாரத்தில் பாடங்களைக் குவிப்பது முறையாகுமா?

மூன்றாம் பிழை, ஏட்டையே மீண்டும் மீண்டும் படிப்பது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்போர் கல்லூரி மாணவரிடையே ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு குழு நான்கு சுற்றும் உரைப்பகுதியைப் படித்தது; மற்றொன்று ஒரு சுற்று படித்து, மூன்று சுற்று ஏட்டைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடத்திற்குப் பின் முதற்குழு 83 விழுக்காடும் மற்றது 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தன. ஒரு வாரம் சென்றபின் நிலை தலைகீழானது: படித்தோர் 40, நினைவுகூர்ந்தோர் 61. படித்த உடனே தோன்றும் தெளிவு மாணவரை மட்டுமன்றி ஆசிரியரையும் ஏமாற்றுகிறது.

ஏட்டை மூடி நினைவிலிருந்து எடுத்துரைக்கும் இச்செயலுக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு, அதுவே ஒப்புவித்தல். திண்ணைப் பள்ளியில் மாணவர் சட்டாம்பிள்ளை முன் நின்று ஒப்புவித்தனர். அங்கிருந்த பிரம்பு ஒழிந்தது நன்று. ஒப்புவித்தலும் உடன் ஒழிவது நன்றன்று. எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை நினைவுக்கு அழைத்து வரும் கயிறுகள் அல்லவா? அக்கயிறுகளை அறுத்துவிட்டு, மாணவர்க்குச் செய்யுள் நினைவில் நிற்பதில்லை எனக் குறைகூறுவது எவ்வகையில் நியாயம்?

தேர்வு தரம் பிரிக்கிறது, நினைவுகூரல் கற்பிக்கிறது. முன்னது நீங்கியதற்காகப் பின்னதைக் கைவிடல் ஆகாது. திருக்குறள் ஒன்றைப் பொருளுணர்த்திக் கற்பித்த ஆசிரியர், மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு திங்கள் கழித்தும் புள்ளியின்றி, அச்சமின்றி அதனை ஒப்புவிக்கச் செய்து பிழையைத் திருத்தட்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

தமிழ்ப் பாடவேளை தவிரப் பிற நேரத்தில் தமிழ் பேசாத பிள்ளைகள் இந்நாடுகளில் உள்ளனர். பள்ளி மணி அடித்தபின் அவர்களோடு வீட்டுக்குச் செல்லும் தமிழ், நினைவில் நின்ற தமிழ் மட்டுமே. சிந்தனையின் பெயரால் அதனையும் பறிப்போர், அப்பிள்ளைகள் எந்த மொழியில் சிந்திப்பர் என்பதற்கு விடை கூறட்டும்.