கணக்கு வருவதற்கா பாட்டு?

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிள்ளையை வயலினுக்கோ மிருதங்கத்துக்கோ சேர்க்கும் தமிழ்ப் பெற்றோரிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சங்கீதம் படிச்சால் மூளை நல்லா வேலை செய்யும், கணக்கும் தன்பாட்டில வரும்." பாடசாலையில் இசை வகுப்பைக் குறைக்காதீர்கள் என்று வாதாடுகிறவர்களும் இதையேதான் முன்வைக்கிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த நம்பிக்கைதான். ஆனால் அதற்கான ஆதாரம் மெலிந்தது. அதைவிட மோசம், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் பாட்டையும் நாடகத்தையும் விளையாட்டையும் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே அவற்றின் வேரை அது அறுக்கிறது.

1993 இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு அறிக்கைதான் இந்தப் பேச்சை ஊரெல்லாம் பரப்பியது. கலிபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவர்கள் பத்து நிமிடம் மோட்சார்ட் கேட்டபின், வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் சோதனையில் சற்றுக் கூடுதலான புள்ளி எடுத்தார்கள். அந்தப் பலன் கால்மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. அதில் குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 1998 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்டார். கேட்பது வேறு, கற்பது வேறு என்று யாரும் மறுக்கலாம். அது நியாயமான மறுப்பு. அதைச் சோதித்துப் பார்த்ததும் நம்முடைய ரொறன்ரோவில்தான். ரொறன்ரோப் பல்கலைக்கழக மிசிசாகா வளாகத்தின் உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கீபோட், ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம், நான்காவது குழுவுக்கு எந்த வகுப்பும் இல்லை. றோயல் கொன்சர்வேற்றரியில் 36 வாரம் இலவசமாகக் கற்பித்தார்கள். 2004 இல் வெளியான முடிவின்படி எல்லாக் குழுக்களுக்கும் நுண்ணறிவுப் புள்ளி ஏறியது. இசை கற்றவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறியது மூன்று புள்ளிக்கும் குறைவு. பிற்பாடு, 2020 இல், ஆய்வாளர்கள் சாலாவும் கோபேயும் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 பிள்ளைகளின் முடிவுகளை, சேர்த்து அலசினார்கள். ஆய்வு எவ்வளவு கறாராக அமைந்ததோ அவ்வளவுக்குப் பலன் குறைந்து, ஏறக்குறையப் பூச்சியத்துக்கே வந்து நின்றது. இசை கற்கும் பிள்ளைகள் வகுப்பில் கெட்டிக்காரராக இருப்பதைக் கண்ணால் காண்கிறோமே என்றால், அவர்களுடைய வீட்டு வருமானத்தையும் பெற்றோரின் கல்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஷெல்லன்பெர்க்கின் ஆய்வை எடுத்துக்காட்டுகிறவர்கள் அதிலிருந்த நாடகக் குழுவைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளி கூடுதலாக ஏறவில்லை. ஆனால் பிறரோடு பழகும் விதத்தில் அவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். மற்ற மூன்று குழுக்களிலும் அந்த முன்னேற்றம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பேறு என்ன இருக்கிறது? புள்ளியைத் தேடிப் போனவர்களின் கண்ணில் அது படவேயில்லை. அளவுகோல் பிழைத்தால் கையிலிருக்கும் பொருளே தெரியாமல் போகும்.

இதனால் வரும் கேடு ஏட்டோடு நிற்பதில்லை. ஒன்ராறியோவின் 2009 கலைப் பாடத்திட்டம் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு இசை, நாடகம், நடனம், காண்பியக் கலை நான்கையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் 3 ஆம், 6 ஆம் வகுப்புகளில் மாகாணத் தேர்வு அளப்பது வாசிப்பையும் எழுத்தையும் கணிதத்தையும் மட்டுமே. இசை கணிதத்துக்குப் பணிவிடை செய்வதற்காகத்தான் இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டால், "அப்படியானால் அந்த நேரத்தில் கணிதத்தையே படிப்பிக்கிறோம்" என்று கல்விச்சபை சொல்லும்போது நம்மிடம் பதில் இருக்காது. பாடசாலைக்குப் பாடசாலை போய் வயலினும், ஸ்ரீல்பான் என்னும் இரும்புப் பீப்பாய் வாத்தியமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் மீது, பணம் போதாத ஆண்டுகளில், ரொறன்ரோக் கல்விச்சபையின் கத்தரி திரும்பத் திரும்ப விழப் பார்த்திருக்கிறது. வீட்டிலும் இதே கணக்குத்தான்: ஆறாம் வகுப்பு அறிக்கை சற்றுச் சரிந்தால் முதலில் நிற்பது பாட்டு வகுப்பு, தொடர்வது ரியூசன்.

அந்த ஸ்ரீல்பான் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சுருதிப் பேஸ் வாசிக்கும் பிள்ளையைச் சுற்றி ஆறு பீப்பாய்கள் நிற்கும். ஒரு வரிக்கு அதன் பங்கு மூன்று நான்கு அடிதான். மற்ற நேரமெல்லாம் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டு எண்ண வேண்டும். அரை நொடி முந்தினால் முழுக் குழுவும் தடுமாறும். இங்கிலிஷ் இன்னும் சரளமாக வராத, போன மாதம்தான் வந்திறங்கிய பிள்ளையும் அங்கே முழு ஆளாக நிற்கும். இந்தப் பயனைக் கணிதப் புள்ளியாக மாற்றிக் காட்டத் தேவையில்லை. இந்த எண்ணம் நமக்குப் புதிதுமல்ல. யாழ்ப்பாணத்தில் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' என்று சிறுவருக்கு நாடகம் எழுதினார். பரீட்சையே தலையெழுத்தாக இருந்த அந்த மண்ணிலேயே பிள்ளை விளையாட வேண்டும் என்று அவர் நின்றார் என்பதை, கனடாவுக்கு வந்த நாம் மறந்திருக்கக் கூடாது.

"எங்கட பிள்ளைகள் வெளியில பரதமும் மிருதங்கமும் பழகுகினம்தானே, பாடசாலையில எதுக்கு?" என்று கேட்பார்கள். பழகுகிறார்கள், நல்லது. ஆனால் மாதக் கட்டணமும் சனிக்கிழமை காரில் கொண்டுபோய் விட ஓர் ஆளும் உள்ள வீட்டுக்குத்தான் அது வாய்க்கும். இரண்டு வேலைக்கு ஓடும் தாயின் பிள்ளைக்குப் பாடசாலை மட்டுமே உண்டு. பாடசாலை முடிந்தபின் நடக்கும் விளையாட்டும் பாடற்குழுவும் ஆசிரியர்களின் விருப்பத் தொண்டு. 2012 இல் ஆசிரியர்களின் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய 115 ஆம் இலக்கச் சட்டமூலத்தை எதிர்த்து ஆசிரியர்கள் அந்தத் தொண்டை நிறுத்தியபோது, வசதியுள்ள பிள்ளைக்கு வேறு வழி இருந்தது; இல்லாத பிள்ளைக்குப் பிற்பகலே வெறுமையானது. நிதி ஒதுக்குகிறவர்களுக்கு இலக்கம்தான் விளங்கும் என்பது இன்னொரு வாதம். சரி, இலக்கத்தையே கேட்போம், ஆனால் நம்முடைய இலக்கத்தை. ஒவ்வொரு பாடசாலைக்கும் பெற்றோர் அமர்கிற பாடசாலைக் கழகம் உண்டு. இந்த இலையுதிர்காலக் கூட்டத்தில் அதிபரிடம் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை இசைப் பாடவேளை? கற்பிக்கிறவர் இசை படித்தவரா? நாடகம் கடைசியாக எந்தத் தவணையில் நடந்தது? கூட்டிப் போக ஆளில்லாததால் கரப்பந்தாட்டக் குழுவில் சேராமல் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்?