கீழே நூல் சிக்கினால், மேலே பாருங்கள்!

கேள்வி: "ஒரு ஏக்கரில் பூவன் வாழை போட்டிருக்கிறோம். தார் வெட்டும்வரை வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பது என் தையல் மெஷின்தான். பத்து நாள்களாகத் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டியதுபோல் சிக்குகிறது, ஊசியும் ஒடிகிறது. பள்ளிச் சீருடைகளை இந்த வாரம் கொடுத்தாக வேண்டும். ஷட்டிலை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? கணவரை இழந்த என் தங்கைக்கு அரசு தையல் மெஷின் கிடைக்குமா?"

- வாசகி, ஸ்ரீரங்கம்.

பதில்: வாழையில் பணம் பார்க்க ஏறக்குறைய 12 மாதங்கள் ஆகும். அதுவரை அடுப்பு எரிய உதவும் மெஷினும் பண்ணைக் கருவிதான். அதனால் தாராளமாகக் கேட்கலாம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழை வைப்பவர்களுக்குத் தெரியும். இலை மஞ்சளானால் இலையை மட்டும் பார்க்க மாட்டோம். வேரில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்ப்போம். தையல் மெஷினில் இது தலைகீழ். துணிக்கு அடியில் நூல் சிக்கினால், கோளாறு பெரும்பாலும் மேல் நூலில்தான் இருக்கும்.

காரணம் இதுதான். ஊசி கொண்டுபோகும் மேல் நூலை ஷட்டில் பிடித்து, பாபினைச் சுற்றி அனுப்புகிறது. மிச்ச நூலை மேலே உள்ள லிவர் இழுத்துக்கொள்ள வேண்டும். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராவிட்டால் அந்தப் பிடிப்பு கிடைக்காது. மிச்ச நூல் அடியிலேயே தங்கிக் கூடு கட்டும்.

எனவே ஷட்டிலுக்குச் செலவு செய்யும் முன், இந்த வரிசையில் பாருங்கள்.

1. சிக்கிய துணியைப் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி வளைந்துவிடும். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி ஊசியை மேலே ஏற்றி, அடி நூலை வெட்டி எடுங்கள். மோட்டார் இருந்தால் முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

2. துணியை அழுத்தும் காலைத் தூக்கி வைத்து, மேல் நூலை முதலிலிருந்து கோருங்கள். கால் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். நூல் உள்ளே போகாது. கோத்த பிறகு காலை இறக்கி நூலை இழுத்தால், இறுக்கம் தெரிய வேண்டும். லிவரின் துளையில் நூல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. புது ஊசி போடுங்கள். நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூல் கோக்க வேண்டும். சீருடைத் துணிக்கு 14 அல்லது 16ஆம் நம்பர் ஊசி பொருந்தும்.

4. பாபின் கேஸை நூலில் தொங்க விடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கக் கூடாது. லேசாக உதறினால் சற்றே இறங்க வேண்டும்.

5. ஷட்டில் பகுதியிலும் பல்லுக்கு அடியிலும் சேர்ந்த பஞ்சைச் சிறு பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து இறுகிவிடும்.

6. தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் 4 அங்குலம் பின்னால் விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரம் உங்கள் பக்கமாகச் சுற்ற வேண்டும். மிதி பின்னோக்கிப் போனால் உடனே நூல் சிக்கும்.

பழைய துணியில் ஒரு முழம் தைத்துப் பாருங்கள். நூல் துணியின் மேல்பக்கம் வளைந்து தெரிந்தால் மட்டும் பாபின் பக்கம் கவனியுங்கள். இத்தனைக்கும் பிறகு சிக்கினால், ஷட்டில் முனை மழுங்கியிருக்கிறதா, ஊசி பட்டுக் கீறியிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டலாம்.

உங்கள் தங்கை, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். வயது 20 முதல் 40-க்குள் இருக்க வேண்டும். தையல் தெரிந்ததற்கான சான்றும் தேவை. வருமான வரம்பு உள்ளிட்ட மற்ற விவரங்களை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வயது வரம்பு இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம்.