கைப்பழக்கமும் சான்றிதழும்

நமது கல்லூரியின் பழைய மாணவருட் கணினித் துறையிற் புகுந்தோர் தொகை நாளுக்குநாள் பெருகி வருகின்றது. அத்துறையை நாடும் இளைய மாணவர் எம்மைக் காணுந்தோறும் இரு வினாக்களை விடுக்கின்றனர். லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றுள் எதனைத் தெரிந்து பயில்வது என்பது ஒன்று. சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தோற்றுதல் பயனுடையதோ என்பது மற்றொன்று.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்டது லினக்ஸின் கருவை மட்டுமே. அக்கருவோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துப் பயன்படுத்தத்தக்க வடிவில் அளிப்பனவே வழங்கல்கள். 1993 இல் தோன்றிய டெபியனும், அதன் வழியே 2004 இல் எழுந்த உபுண்டுவும், நிறுவனங்கள் பணங்கொடுத்துப் பராமரிப்புப் பெறும் ரெட் ஹாட்டும் அவற்றுட் சில. கரு ஒன்றே, மென்பொருளைப் பொதி செய்யும் முறையும் புதுப்பிக்கும் காலமுமே வேறு. ஆதலின் எது சிறந்தது என்று கேளாது, எதன் பொருட்டு வேண்டும் என்று கேட்டலே முறை. வீட்டுக் கணினியிற் பயிலத் தொடங்குவோர்க்கு உபுண்டுவின் நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்புப் போதும். அது 5 ஆண்டு பேணப்படும். சேர்வர்களை ஆளும் உத்தியோகத்தை விழைவோர் ரெட் ஹாட் குடும்பத்தையும் அறிதல் நன்று.

எனினும், ஒரு பெயரையே நம்பியிருத்தல் தகாது. ரெட் ஹாட்டை ஒத்து இலவசமாகக் கிடைத்த சென்ட் ஓஎஸ்ஸின் 8 ஆம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என எண்ணியிருந்தோர் பலர். அது 2021 முடிவிலேயே நிறுத்தப்படும் என 2020 டிசெம்பரில் அறிவிப்பு வந்தது. கட்டளைகளை மனனஞ் செய்தோர் கலங்கினர். அடிப்படையை உணர்ந்தோர் ரொக்கி, அல்மா என்னும் புதிய வழங்கல்களுக்கு எளிதில் மாறினர். மாதத்திற்கொன்றை ஏற்றி இறக்கிக் காலம் போக்குதலும் கல்வியன்று. ஒன்றைத் தெரிந்து, ஓராண்டேனும் அதனோடு பழகுக.

இனிச் சான்றிதழைப் பற்றிச் சில சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் நேர்முகப் பரீட்சைக் குழுவொன்றில் அமர்ந்திருந்தேன். "வட்டில் இடம் எஞ்சியிருக்கவும் புதிய கோப்பை எழுத இயலவில்லை, காரணம் யாது?" என வினவினோம். சான்றிதழ் மூன்றுடைய இளைஞர் வாளாவிருந்தார். சான்றிதழ் ஒன்றுமில்லாத இன்னொருவர், பழைய கணினியொன்றில் டெபியனை நிறுவிப் பழகியவர், "சிறு கோப்புகள் அளவிறந்து பெருகி ஐநோட்டுகள் தீர்ந்திருக்கலாம்" என்றார். உத்தியோகம் அவர்க்கே கிடைத்தது. ஆயின் அவர் முதற் பட்டியலில் இடம் பெற்றிருக்கவில்லை. அழைக்கப்பட்டோருள் ஒருவர் வாராமையாலேயே அவர் வந்தார். சான்றிதழின் வலிமையும் அதன் வறுமையும் அன்று எமக்கு ஒருங்கே விளங்கின.

சான்றிதழ்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. பரீட்சையிற் கணினி முன் அமர்ந்து வேலையைச் செய்து காட்டல் வேண்டும். அது 3 ஆண்டு செல்லும். எல்.பி.ஐ. அமைப்பின் முதற்படிச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் விடை தெரிந்தெடுக்கும் வினாக்களைக் கொண்ட பரீட்சைகள் இரண்டு. அது 5 ஆண்டு செல்லும். கட்டணமோ பெரும்பாலும் டொலர்க் கணக்கு. 200 ரூபா அளவில் நின்ற டொலர் 2022 இல் 360 ரூபாவரை ஏறியது; பின்னர் இறங்கியும் பழைய நிலைக்கு மீளவில்லை. இக்கட்டணம் பல இல்லங்களில் தாயின் நகையை அடகு வைத்துப் பெறும் பணமாகும்.

ஆதலின் மாணவர்க்கு யாம் கூறுவது இது: முதலிற் பழகுக, செய்த பிழைகளையும் திருத்திய முறைகளையும் குறித்து வைக்குக. விண்ணப்பிக்கக் கருதும் உத்தியோகம் சான்றிதழ் ஒன்றினை வேண்டுமாயின், செய்கைப் பரீட்சையுடைய ஒன்றினை மட்டும் தெரிந்து தோற்றுக. பரீட்சைக்கென்றே கற்று, கடன்பட்டுச் சான்றிதழ் குவித்தல் வேண்டா.

உயர் பதவியிலிருக்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். விண்ணப்பங்களைச் சான்றிதழ் கொண்டு மட்டும் சலியாதீர். அரை மணி நேரம் ஒரு கணினியை இளைஞர் முன் வைத்துப் பாருங்கள். அன்று ஒருவர் வாராதிருந்தமையால் எமக்குக் கிடைத்த நல்லிளைஞரைப் போன்றோர், இன்னும் எத்தனைபேர் பட்டியலுக்குப் புறத்தே நிற்கின்றனரோ!